பன்னிரண்டுக்குப் பதில் பதினாறு

மின்மோட்டார், தையல் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு என எதை எடுத்துக்கொண்டாலும் அதன் உடலில் ஒரு சிறு தகடு பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இத்தனை குதிரைத்திறன், நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்புகிறோம். அது இயற்கை விதித்த எல்லையா, செய்தவர் விதித்த எல்லையா என்று நாம் கேட்பதில்லை.

கணிப்பொறிக்கும் இத்தகைய ஓர் எண் உண்டு. இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 இலட்சம் துடிப்புகள். இந்த எண்ணைச் செய்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் மாற்றலாம் என்று 1980களின் நடுவில் சிலர் கண்டுகொண்டனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி ஒரு திருப்புளியும் சில டாலர் விலையுள்ள ஒரு படிகமும்தான். அதைத் தடுக்கச் செய்தவர் ஒரு வழி கண்டார். அதைத் தாண்ட வாங்கியவர் மற்றொரு வழி கண்டார். 40 ஆண்டுகளாக வெவ்வேறு வடிவில் நடந்துவரும் அந்த வழக்கின் வரலாற்றை இங்குக் காண்போம்.

துடிப்பும் ஐலசாவும்

கடலிலிருந்து கரைக்கு வள்ளத்தை இழுக்கும் மீனவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் 'ஐலசா' என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒருசேர இழுப்பார்கள். குரல் நின்ற இடைவெளியில் காலை மாற்றி ஊன்றிக் கயிற்றை மறுபடி பற்றிக்கொள்வார்கள். குரல் விரைந்தால் வள்ளமும் விரைந்து நகரும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் விரைந்தால், கூட்டத்தில் மிக மெதுவாகக் கயிற்றைப் பற்றுகிறவர் தயாராகும் முன்பே அடுத்த குரல் வந்துவிடும். பிடி நழுவும்.

கணிப்பொறியின் உள்ளே நடப்பதும் இதுவே. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.டி. கணிப்பொறியில் இருந்த இன்டெல் 80286 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 1,34,000 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவை அனைத்தும் தாளம் தவறாமல் இயங்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைத் தருவது குவார்ட்ஸ் படிகம். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை 1880-இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்னும் மறுதலையும் விரைவில் உறுதியாயிற்று. மெல்லிய வில்லையாக அறுத்த குவார்ட்ஸ், தன் கனத்திற்கேற்ற ஒரே அதிர்வெண்ணில் பிறழாமல் அதிரும். கைக்கடிகாரம் நேரம் தவறாமல் ஓடுவதும் இதனால்தான்.

கணிப்பொறியின் துடிப்பை நிர்ணயிப்பது நுண்செயலி அல்ல, அதற்கு வெளியே பலகையில் நிற்கும் இந்தப் படிகம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்செயலி இழுப்பவர் கூட்டம். குரல் கொடுப்பவர் வேறு.

தொலைக்காட்சியிடம் கடன் வாங்கிய விரைவு

ஐ.பி.எம். தன் முதல் சொந்தக் கணிப்பொறியை 1981 ஆகஸ்டு 12-இல் அறிவித்தது. தொடக்க விலை 1,565 டாலர். அதன் நுண்செயலி இன்டெல் 8088. அந்தச் சில்லு 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது என்று இன்டெல் சான்றளித்திருந்தது. ஆயினும் ஐ.பி.எம். அதை 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியில் வண்ணத்தைச் சுமந்து வரும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்கு 14.318. இந்த அதிர்வெண்ணில் அதிரும் படிகங்கள் மலிவாகக் கிடைத்தன. வடிவமைத்தவர்கள் அத்தகைய ஒரே ஒரு படிகத்தைப் பலகையில் வைத்தனர். அதன் துடிப்பை நான்கால் வகுத்தால் தொலைக்காட்சிப் பெட்டியில் வண்ணம் காட்டத் தேவையான 3.58 கிடைத்தது. மூன்றால் வகுத்தால் நுண்செயலிக்குரிய 4.77 கிடைத்தது. பன்னிரண்டால் வகுத்தால் 1.19 கிடைத்தது. கணிப்பொறி நேரத்தை எண்ணுவதற்கு அது பயன்பட்டது.

சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஒரே குதிரையில் மூன்று வண்டிகளைப் பூட்டியதுபோல் ஆயிற்று. இயந்திரத்தை விரைவுபடுத்த எண்ணி அந்தப் படிகத்தை மாற்றினால் கடிகாரமும் முந்தி ஓடும், தொலைக்காட்சியில் வண்ணமும் கெடும். ஆகவே இந்தக் கணிப்பொறியின் துடிப்பில் யாரும் எளிதில் கைவைக்க முடியவில்லை.

துடிப்பைக் கூட்டாமலே விரைவைக் கூட்ட ஒரு வழி 1984-இல் பிறந்தது. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வி20 என்னும் சில்லை வெளியிட்டது. அது 8088 இருந்த அதே 40 கால் சாக்கெட்டில் அப்படியே பொருந்தியது. உள்ளமைப்பு மட்டும் மேம்பட்டிருந்தது. 8088 சில்லுக்கு இரண்டு பெரிய எண்களைப் பெருக்க 100-க்கும் மேற்பட்ட துடிப்புகள் தேவைப்பட்டன. வி20 அதன் சிறு பகுதியிலேயே அதை முடித்தது. ஐலசாவின் விரைவு அதேதான். ஒவ்வோர் இழுப்பிலும் வள்ளம் கூடுதலாக நகர்ந்தது.

இன்டெல் இதை விரும்பவில்லை. சில்லின் உள்ளே எழுதப்பட்டுள்ள நுண்கட்டளைகள் தனக்கே உரிமையானவை என்றது. வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது. நுண்கட்டளைக்கும் பதிப்புரிமை உண்டு, ஆனால் என்.இ.சி. அதை மீறவில்லை என்று 1989-இல் தீர்ப்பாயிற்று. பழைய இயந்திரத்துக்குப் புதிய உறுப்பைப் பிறர் செய்து விற்கலாமா என்னும் கேள்வி அப்போதே நீதிமன்றப் படி ஏறிவிட்டது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

கழற்றக்கூடிய படிகம்

1984 ஆகஸ்டு 14-இல் ஐ.பி.எம். தன் அடுத்த பெரிய கணிப்பொறியை அறிவித்தது. மேம்பட்ட தொழில்நுட்பம் என்று பொருள்படும் 'அட்வான்ஸ்டு டெக்னாலஜி' என்பதன் சுருக்கமே அதன் பெயர்: பி.சி. ஏ.டி. 80286 நுண்செயலியும் 20 மெகாபைட் வன்தட்டும் கொண்ட மாதிரியின் விலை 5,795 டாலர். அந்நாளில் அது ஒரு கார் வாங்கும் பணம்.

இதன் விரைவு 6 மெகாஹெர்ட்ஸ். இம்முறை வடிவமைத்தவர்கள் பழைய முடிச்சை அவிழ்த்திருந்தனர். நேரம் எண்ணுவதற்கும் காட்சிக்கும் பழைய 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் தனியே இருந்தது. நுண்செயலிக்கென்று 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று தனியே வைக்கப்பட்டது. அதை இரண்டால் வகுத்தால் 6. இந்தப் படிகம் பலகையில் பற்றவைக்கப்படாமல் ஒரு சிறு சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது.

இவற்றோடு மூன்றாவது செய்தி ஒன்றும் சேர்ந்தது. ஐ.பி.எம். தன் சொந்தக் கணிப்பொறிகளின் மின்சுற்றுப் படங்களை முழுமையாக அச்சிட்டுத் தொழில்நுட்பக் கையேடாக விற்றுவந்தது. எந்தப் படிகம் எதை ஓட்டுகிறது என்பதை அறிய மறைநூல் எதுவும் வேண்டியதில்லை. கையேட்டைப் படித்தால் போதும்.

படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 12-க்குப் பதில் 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் நுண்செயலி 8 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விரைவு! மூடியின் திருகுகளைக் கழற்றிப் பழைய படிகத்தைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் ஒன்றுமே நடவாததுபோல் ஓடின. கடிகாரம் கெடவில்லை. காட்சியும் கெடவில்லை. இன்னும் துணிந்த சிலர் 18 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகி 9 மெகாஹெர்ட்ஸ் வரை சென்றனர். செய்தி அமெரிக்கக் கணிப்பொறிப் பயனாளர் சங்கங்களிலும் இதழ்களிலும் பரவியது. மாற்றுப் படிகங்களை விற்பதே ஒரு சிறு வாணிகமாயிற்று.

ஏன் ஓடியது?

இது மாயமல்ல. எந்தப் பொறியாளரும் பாலத்தைக் கட்டும்போது அது தாங்க வேண்டிய சுமைக்கு மேலும் ஒரு பங்கு வலிமை கொடுத்தே கட்டுவார். கணிப்பொறியிலும் அப்படியே. கோடையில் விசிறியில்லாத அறையில், மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்த நேரத்தில், கூட்டத்திலேயே மெதுவான சில்லைக் கொண்டும் அது தவறின்றி ஓட வேண்டும். ஆகவே எழுதப்பட்ட விரைவுக்கும் உண்மையான எல்லைக்கும் நடுவே ஓர் இடைவெளி விடப்படுகிறது.

நினைவகத்தை எடுத்துக்கொள்வோம். 6 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் 167 நானோநொடி. ஒரு நானோநொடி என்பது நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு. ஏ.டி. நினைவகத்தை ஒருமுறை அணுக மூன்று துடிப்புகள் எடுத்துக்கொண்டது. அதாவது 500 நானோநொடி. அதிலிருந்த நினைவகச் சில்லுகளோ 150 நானோநொடியில் விடை தரக்கூடியவை. முகவரி போய்ச் சேரவும், சில்லு அடுத்த கேள்விக்குத் தயாராகவும் நேரம் ஒதுக்கியபின்னும் மிச்சம் இருந்தது. 8 மெகாஹெர்ட்ஸில் துடிப்பு 125 நானோநொடி. மூன்று துடிப்புகள் 375. அப்போதும் இடம் போதுமானதாக இருந்தது.

நுண்செயலியிலும் இதே நிலை. சில்லுகள் ஒரே சிலிக்கான் வட்டில் நூற்றுக்கணக்கில் பிறக்கின்றன. பிறந்தபின் சோதித்து, விரைந்து ஓடுவதற்கு அதிக விலையும் மெதுவாக ஓடுவதற்குக் குறைந்த விலையும் இடுவார்கள். மிளகாயைப் பொறுக்கித் தரம் பிரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உற்பத்தி தேறத் தேற மட்டரகம் குறைந்துவிடும். சந்தையோ மலிவுச் சரக்கையே கேட்கும். அப்போது நல்ல சில்லின் முதுகிலும் குறைந்த எண்ணே பொறிக்கப்படும். அதன் முழு ஆற்றல், வாங்கியவர் அறியாமலே உள்ளே உறங்கும்.

அப்படியானால் ஐ.பி.எம். 6 என்று ஏன் நிறுத்தியது? முன்னெச்சரிக்கை ஒரு காரணம். விரிவாக்கத்திற்காகச் செருகும் அட்டைகளும் ஏ.டி.யில் நுண்செயலியின் தாளத்திலேயே இயங்கின. பழைய அட்டைகள் விரைவைத் தாங்குமா என்பது ஐயம். வேறொரு காரணமும் அந்நாளில் பேசப்பட்டது. அலுவலகங்களுக்கு ஐ.பி.எம். விற்றுவந்த பெரிய இயந்திரங்களின் வாணிகத்தை இந்தச் சிறிய இயந்திரம் கெடுத்துவிடக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள் என்பது பலரது கருத்து. எப்படியாயினும் காம்பேக் நிறுவனம் 1985-இலேயே இதே நுண்செயலியை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும் கணிப்பொறியை விற்றது என்பது மறுக்க முடியாத செய்தி.

கதவுக்குப் பூட்டு

படிகம் மாற்றும் பழக்கத்திற்கு ஐ.பி.எம். அளித்த விடை, பின்னர் வந்த ஏ.டி.களின் அழியா நினைவகத்தில் எழுதப்பட்டிருந்தது. கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்ததும் அது முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். நினைவகம் சரியா, விசைப்பலகை சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். அந்தச் சோதனைகளோடு புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது. குறித்த நேரத்தில் நுண்செயலி எத்தனை முறை ஒரு சிறு சுற்றை ஓடி முடிக்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை அளவுக்கு மிஞ்சினால் இயந்திரத்தை மேலே நகரவிடாமல் நிறுத்திவிட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விரைவாக ஓடும் நுண்செயலி தன் விரைவைத் தானே அளக்க முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்து வண்டியைப் பார்ப்பதுபோல் ஆகும். மாறாத ஓர் அளவுகோல் வேண்டும். நேரம் எண்ணுவதற்கென்று தனியே இருந்த அந்த 14.318 படிகம் அளவுகோலாக அமைந்தது. எந்தப் பிரிவினை படிகம் மாற்றுவதை எளிதாக்கியதோ, அதே பிரிவினை மாற்றியவரைக் காட்டிக்கொடுக்கவும் உதவியது.

வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. பழைய அழியா நினைவகச் சில்லு உள்ளவர்கள் அதை மாற்ற மறுத்தனர். தொடக்கத்தில் 6 மெகாஹெர்ட்ஸில் சாதுவாக ஓடிச் சோதனையில் தேறி, அதன்பின் விரைவைக் கூட்டிக்கொள்ளும் சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. காவலரைக் கண்டதும் மெதுவாகி, தாண்டியதும் பறக்கும் வண்டியைப் போல!

1986 ஏப்ரலில் ஐ.பி.எம். தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை வெளியிட்டது. முந்தைய ஆண்டு வாங்கியவர் செய்தால் மறிக்கப்பட்ட அதே விரைவு, இப்போது நிறுவனத்தின் முத்திரையோடு விற்கப்பட்டது.

இரு தரப்பு நியாயம்

இந்தக் கதையில் ஐ.பி.எம்.மைக் கொடியவராகவும் படிகம் மாற்றியவரை வீரராகவும் காட்டுவது எளிது. உண்மை அத்தனை எளிதன்று.

எல்லை மீறிய கணிப்பொறி புகைந்து நின்றுவிட்டால் நல்லது. தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. ஆயிரம் கோடிக் கூட்டல்களில் ஒன்றை மட்டும் பிழையாகக் கூட்டிவிட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். விளையாட்டில் அப்படி நேர்ந்தால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும். வங்கிக் கணக்கிலோ பாலத்தின் வலிமைக் கணக்கிலோ நேர்ந்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் தேறிய இயந்திரம் கோடையில் தேறாமல் போகலாம். பழுதென்று திரும்பி வரும் இயந்திரத்தில் படிகம் மாற்றப்பட்டிருந்ததா என்று நிறுவனத்துக்குத் தெரியாது. பழி மட்டும் அதன் பெயருக்கு வரும். ஆகவே பெயரைக் காக்க நினைத்தது குற்றமாகாது.

மறுபக்கம் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது. ஆபத்தை அறிந்து, அதைத் தானே ஏற்றுக்கொண்டு, தன் பொருளில் அவர் செய்யும் மாற்றத்தை, விற்றவர் உள்ளே ஒரு காவலாளியை நிறுத்தித் தடுக்கலாமா? 'உத்தரவாதம் கிடையாது' என்று எச்சரிப்பது ஒன்று. 'ஓடவே விடமாட்டேன்' என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே இக்கதையின் உயிர்நாடி.

மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று?

படிகத்தை மாற்றியவர்கள் ஓர் ஏமாற்றத்தையும் கண்டனர். துடிப்பு 33 விழுக்காடு கூடியது. வேலையோ அத்தனை விரைவாக முடியவில்லை.

காரணம் எளிது. ஓர் அலுவலகக் கணக்கை முடிக்க 10 நிமிடம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். அதில் 6 நிமிடம் நுண்செயலியின் வேலை, 4 நிமிடம் வன்தட்டின் வேலை. நுண்செயலி 6-லிருந்து 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அதன் பங்கு 4½ நிமிடமாகக் குறையும். வன்தட்டின் 4 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் 8½ நிமிடம். ஆதாயம் 15 விழுக்காடே. வன்தட்டு ஒரு செய்தியைத் தேடியெடுக்க 40 ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அல்ல, ஆயிரத்தில் 40 பங்கு நொடி எடுக்கும் காலம் அது. 6 மெகாஹெர்ட்ஸில் அந்நேரத்தில் 2,40,000 துடிப்புகள் வீணாகும். 8 மெகாஹெர்ட்ஸில் 3,20,000 வீணாகும். விரைவாக ஓடுபவர் வரிசையில் அதிக நேரம் நிற்கிறார், அவ்வளவே.

பழைய கணிப்பொறியைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பாடம் இன்றும் பொருந்தும். எந்த உறுப்பு பிறரைக் காக்க வைக்கிறதோ அதை முதலில் மாற்ற வேண்டும். பெரும்பாலும் அது நுண்செயலி அல்ல. போதாத நினைவகமும் சுழலும் வன்தட்டும்தான் முதற் குற்றவாளிகள். 10 ஆண்டு வயதான மேசைக் கணிப்பொறியில் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத திடநிலைத் தட்டைப் பொருத்தினால் அது புத்துயிர் பெறுவது இதனால்தான்.

1980களின் பிற்பகுதியில் நுண்செயலியையே மாற்றும் அட்டைகளும் வந்தன. இன்டெல் நிறுவனமே 'இன்போர்டு' என்னும் பெயரில், ஏ.டி.க்குள் 80386 நுண்செயலியைக் கொண்டுவரும் அட்டையை விற்றது. பழைய இயந்திரத்தின் ஆயுளை அது நீட்டியது. ஆனால் அட்டைக்குத் தந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய கணிப்பொறியே கிடைக்கும் காலம் சீக்கிரம் வந்தது. புதுப்பித்தல் எந்தப் புள்ளியில் வீண்செலவாகிறது என்பதையும் அந்த அட்டைகள் கற்றுக்கொடுத்தன.

பூட்டும் சாவியும்

1992-இல் இன்டெல் ஒரு புதிய உத்தியைக் கொண்டுவந்தது. 486 டி.எக்ஸ்.2 என்னும் நுண்செயலி, வெளியே 25 மெகாஹெர்ட்ஸ் தாளம் வந்தாலும் உள்ளே அதை இரட்டித்து 50-இல் ஓடியது. அதே ஆண்டில் 'ஓவர்டிரைவ்' என்னும் பெயரில், பழைய கணிப்பொறியில் வாங்கியவரே செருகிக்கொள்ளத்தக்க சில்லும் வந்தது. படிகம் மாற்றியவர்கள் திருட்டுத்தனமாகப் பெற்றதை இப்போது நிறுவனமே உறையிலிட்டு விற்றது எனலாம்.

உள்ளே பெருக்கும் எண் வந்தபின் விரைவுக்கு இரண்டு திருகுகள் ஆயின: வெளித் தாளம் ஒன்று, பெருக்கும் எண் மற்றொன்று. இதை நேர்மையற்ற வணிகர் சிலர் பயன்படுத்தினர். மலிவான சில்லின் முதுகிலிருந்த எண்ணைச் சுரண்டிவிட்டுப் பெரிய எண்ணைப் பொறித்து விற்றனர். வாங்கியவர் தான் ஏமாந்ததை அறியார். 1990களின் பிற்பகுதியில் இன்டெல் பெருக்கும் எண்ணைப் பூட்டியதற்கு இந்த மோசடி ஒரு வலுவான காரணம். பூட்டுவதில் எப்போதும் பேராசை மட்டுமே இருப்பதில்லை.

ஆனால் வெளித் தாளம் திறந்தே இருந்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் வெளித் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ், பூட்டிய பெருக்கும் எண் 4½, விரைவு 300. பலகையின் தாளத்தை 100-க்கு மாற்றினால் 450! பல சில்லுகள் இதைத் தாங்கின. அதே மாதம் வந்த பென்டியம் 2-இன் உயர்ந்த விரைவும் 450 தான், விலையோ பன்மடங்கு. 12-க்குப் பதில் 16 செருகிய பழைய கதையே புதிய உடையில் மீண்டும் நடந்தது.

வெப்பம் என்னும் எதிரி இதற்குள் வளர்ந்துவிட்டது. இக்காலச் சில்லில் செலவாகும் மின்திறன் துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். விரைவை 20 விழுக்காடு கூட்டி, அதற்காக மின்னழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்தினால் என்ன ஆகும்? 1.1-இன் வர்க்கம் 1.21. அதை 1.2-ஆல் பெருக்கினால் 1.45. ஆக, 20 விழுக்காடு விரைவுக்கு 45 விழுக்காடு கூடுதல் வெப்பம் விலையாகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் மேசைக் கணிப்பொறிகளில் விசிறியும் மின்வழங்கியும் தேவைக்கு அளந்தே வைக்கப்பட்டிருக்கும். பலவற்றில் தாளத்தை மாற்றும் வசதியே இராது. சிலவற்றின் மின்வழங்கி இணைப்பு பார்வைக்குப் பொது அமைப்பைப் போலவே இருந்தாலும், கம்பிகளின் வரிசை மாறியிருந்ததும் உண்டு. அறியாமல் கடையில் வாங்கிய மின்வழங்கியைச் செருகினால் பலகையே கெட்டுவிடும். பெயர்ப்பலகைக் கணிப்பொறியைத் திறப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

2010-இல் இன்டெல் இரு திசைகளில் சென்றது. ஒருபுறம், பெருக்கும் எண் பூட்டப்படாத சில்லுகளைத் தனி எழுத்துக் குறியுடன் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. மறுபுறம், அமெரிக்காவில் ஒரு விந்தையான திட்டத்தைச் சோதித்தது. பென்டியம் ஜி6951 என்னும் சில்லு கொண்ட கணிப்பொறி வாங்கியவர், 50 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கி, அதிலுள்ள குறியெண்ணைத் தட்டினால், அதே சில்லில் ஏற்கெனவே இருந்து அடைக்கப்பட்டிருந்த நினைவகப் பகுதியும் வசதியும் திறந்துகொள்ளும்! புதிய உறுப்பு எதுவும் வரவில்லை. வீட்டுக்குள் இருந்த பூட்டிய அறைக்குச் சாவி மட்டும் விற்கப்பட்டது. கடும் விமரிசனத்துக்கு உள்ளான அந்தத் திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது.

வயதை விதிப்பவர் யார்?

இன்றைய நுண்செயலிகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து, இடமிருந்தால் விரைவைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. படிகம் மாற்றியவர் அன்று கையால் தேடிய இடைவெளியை இன்று சில்லே தேடிக்கொள்கிறது. ஆகவே விரைவுக்கான போராட்டம் பெரிதும் தணிந்துவிட்டது. ஆனால் பழைய வழக்கு முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

2021 அக்டோபரில் மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோஸ் 11-ஐ வெளியிட்டபோது, பாதுகாப்புக்கான ஒரு குறிப்பிட்ட சில்லும், தான் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள நுண்செயலியும் வேண்டும் என்று விதித்தது. இன்டெல் நுண்செயலியாயின் பொதுவாக 2017-இன் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ வந்த தலைமுறையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகள் பல, ஒரு தொடக்கச் சோதனையில் தேறாததால் முதியவை ஆயின. பாதுகாப்பு என்பது மெய்யான காரணமே. 1985-இல் நம்பகம் மெய்யான காரணமாக இருந்ததைப் போல. ஆயினும் லினக்ஸ் போன்ற இயக்கமுறையைப் பதித்தால் அதே இயந்திரங்கள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதும் மெய். சக்கரம் தேய்ந்த வண்டி வேறு, உரிமம் புதுப்பிக்கப்படாத வண்டி வேறு.

ஆகவே பழைய கணிப்பொறி ஒன்றைத் தூக்கி எறியுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இது மெதுவாக இருப்பது எந்த உறுப்பால்? அதை மாற்றும் செலவு, கிடைக்கும் பயனுக்குத் தகுமா? இதற்கு வயதாகிவிட்டது என்று சொல்வது இதன் உடலா, அல்லது இதைச் செய்தவரா? முதல் இரண்டுக்கும் விடை கணக்கில் கிடைக்கும். மூன்றாவதற்கு விடை காண, அந்நாள் ஏ.டி. உரிமையாளர்கள் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும். கையேட்டைப் படித்து, மூடியைத் திறந்து, உள்ளே எது இயற்கையின் எல்லை, எது மனிதர் எழுதிய எல்லை என்று பிரித்தறிய வேண்டும்.